கக்கிய பாலுக்கு ஈடு கட்டிய கதை: ஒன்றரை வருட டப்பாப்பால் அனுபவம்

மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. கடைசியாகப் பால் கக்கியது பத்தாம் மாதத்தில். பிறந்த புதிதில் எட்டு வேளை பால் என்றால் எட்டு வேளையும் கக்கல். சில வேளை மூக்கு வழியாகவும் வரும். அந்த நாட்களில் வாங்கியவை, வாங்கி வீணானவை, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பரண் மேல் கிடந்தன. போன வாரம் அதை இறக்கியபோது, எது உதவியது, எது தண்டம் என்று எழுதி வைக்கலாமென்று தோன்றியது. பவுடர் பிராண்டு பெயரை மட்டும் கேட்காதீர்கள். மூன்று பிராண்டு மாற்றினேன், மூன்றையும் ஒரே மாதிரிதான் கக்கினான்.

ஏன் டப்பாப்பால் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பார்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாகி ஐந்து நாள் ஐசியூவில் கிடந்தேன். அப்புறம் பால் ஊறவே இல்லை. பூண்டு, சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு, பம்பு எல்லாம் பார்த்தாயிற்று. நாள் முழுக்கப் பிழிந்தாலும் முப்பது மில்லி தாண்டாது. நம் நாட்டில் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, டப்பாவில் குழந்தை படம் போடக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கூப் எண்ணும்போது ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்ற எழுத்து கண்ணில் படும் பாருங்கள், அது ஒரு மாதிரி இருக்கும். ‘தாய்ப்பால் குடிச்சிருந்தா கக்கியிருக்காது’ என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையும் கக்கும். என் மதினி மகள் கக்காத சேலை அந்த வீட்டில் கிடையாது.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்றுதான் நிலைமை முற்றியது. 2024 ஏப்ரல் 23, பையனுக்குப் பதினேழு நாள். எங்கள் வீடு மதுரை செல்லூரில். கோரிப்பாளையம் பக்கம் தலையாகத்தான் தெரிந்தது. ஆட்டோ என்ன, சைக்கிள்கூட நகராது. காலையிலிருந்து அவன் குடிப்பதும் கக்குவதுமாக இருந்தான். கக்கியதும் அம்மா அவன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். “வயிறு ஒட்டிப்போச்சுடி, இன்னொரு அவுன்ஸ் கரை.” நானும் கரைப்பேன். அவனும் குடிப்பான், பத்தாவது நிமிஷம் அதுவும் தோளில் வரும். என் அப்பத்தா மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி “கக்குற பிள்ளை தக்கும்டி, விடு” என்றது. அந்த நேரத்தில் அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கூட்டம் வடிந்த பிறகு அண்ணா நகரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, எடை மெஷினைத்தான் பார்த்தார். பிறந்தபோது 2.7 கிலோ, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது 2.5, இப்போது 2.98. “வாந்தி எடுக்கிற பிள்ளையா இது? பதிமூணு நாள்ல 480 கிராம் ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு இருபதுலேர்ந்து முப்பது கிராம் ஏறினாலே போதும்மா” என்றார். அப்புறம் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. மூன்று கிலோவுக்கு 450. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 அல்லது 60. “நீங்க எவ்வளவு கொடுக்கிறீங்க?” 60 கொடுக்கிறோம், கக்கினால் மறுபடி 30, ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. 810.

ஈடு கட்டுகிறோம் என்று நினைத்து ஏற்கெனவே நிரம்பிய வயிற்றில் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தோம். டப்பாவே காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்: 400 கிராம் டப்பாவில் ஏறக்குறைய மூன்று லிட்டர் பால் கரைக்கலாம். அவனுக்கு அது ஆறு நாளாவது வந்திருக்க வேண்டும். எங்களுக்கு நாலாம் நாள் சுரண்ட வேண்டியிருந்தது.

எதுக்களிப்பு ஏன் வருகிறது என்பதையும் டாக்டர் விளக்கினார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை இறுகிக்கொள்ள வேண்டும். பச்சைப் பிள்ளைக்கு அது இன்னும் பழகவில்லை. அப்பத்தாவின் சுருக்குப்பையில் கயிறு தளர்ந்திருந்தால் கவிழ்த்ததும் சில்லறை கொட்டுமே, அதே கதைதான். பையை முட்ட முட்ட நிரப்பினால் கேட்கவே வேண்டாம். அங்கிருந்த நர்ஸ் அக்கா இன்னொன்று செய்தார். சிரிஞ்சில் 10 மில்லி தண்ணீர் எடுத்து என் தோள் துண்டில் ஊற்றினார். உள்ளங்கையை விடப் பெரிதாக ஈரம் பரவியது. இரண்டு டீஸ்பூன்தான் அது. இத்தனை நாளாக ‘குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது’ என்று அழுதது இதைப் பார்த்துத்தான்.

ஆக, எங்களுக்கு முதலில் பலித்த வைத்தியம் காசில்லாதது: கக்கினால் மறுபடி கரைக்காமல் இருப்பது. சொல்வது சுலபம். கக்கிவிட்டு அவன் வாயைச் சப்பினால் வீட்டில் நாலு பேர் என்னைப் பார்ப்பார்கள். அடுத்த வேளைக்கு இரண்டரை மணி நேரம் இருக்கும். தோளில் போட்டு நடந்தால் பெரும்பாலும் தூங்கிவிடுவான். பசியே இல்லை, நெஞ்சு எரிச்சலோ என்னவோ. நிஜமாகவே பசித்தால் கையைத் தின்பான், தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடுவான். அந்த வித்தியாசம் பிடிபட ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் எட்டு வேளைக் கக்கல் மூன்று நாலாகக் குறைந்தது.

அடுத்தது கரைக்கிற முறை. எங்கள் வீட்டில் பாட்டிலில் முதலில் பவுடரைப் போட்டு, மேலே கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. தண்ணீரைக் கோடு பார்த்து ஊற்றிவிட்டு அப்புறம்தான் பவுடர். எங்கள் டப்பாக்களில் 30 மில்லிக்குத் தலைதட்டிய ஒரு ஸ்கூப். பவுடரை முதலில் போட்டால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும், மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும். அம்மா அன்பில் ஸ்கூப்பைக் குவித்தும் போடுவார். கத்தியின் முதுகால் வழித்துக் காட்டி, வழித்துக் காட்டி, கடைசியில் டப்பா மூடியில் நூல் கட்டி ஒரு ஐஸ்கிரீம் குச்சியைத் தொங்கவிட்டேன்.

பவுடர் கிருமி இல்லாத பொருள் கிடையாது. அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள் கரைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. கொதிக்க வைத்து அரைமணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். கரைத்துவிட்டுப் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்று என்பார்கள். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரில் முட்டையே வேகும், பால் எங்கே ஆறும்? மண்பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்தினோம், கழுத்து வரைக்கும் மட்டும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால் கரைக்கக் கேன் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்துத்தான். வெயிலுக்கு நடுவில் பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டச் சொன்னார்கள். ஆறு மாதம் வரை வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது என்று டாக்டர் மறுத்துவிட்டார். பாட்டிலைக் குலுக்கினால் நுரை வரும், நுரை என்றால் காற்று, காற்று ஏப்பமாக வரும்போது பாலையும் இழுத்துக்கொண்டு வரும். நான் மெதுவாகச் சுழற்றிவிட்டு, நுரை அடங்க ஐந்து நிமிஷம் காத்திருப்பேன். பிள்ளை கதறிக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரம்.

பாட்டில் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. மெதுவாக வருகிறது என்று அத்தை ஊசியைச் சுட வைத்து நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டார், நல்ல எண்ணத்தில்தான். அன்று 60 மில்லியை நாலு நிமிஷத்தில் முடித்தான், ஐந்தாவது நிமிஷம் என் மடி நனைந்தது. கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், நூல் மாதிரி ஒழுகக் கூடாது. பிறந்த பிள்ளைக்கான மெதுவான நிப்பிள் வாங்கி, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்த மாதிரிப் பிடித்து, பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் வைத்துக் கொடுத்தபோது ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை ஏப்பம். காற்றுக் குழாய் வைத்த விலை உயர்ந்த பாட்டிலும் வாங்கினேன். ஏப்பம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. ஆனால் ஆறு பாகம் கழற்றிக் கழுவ வேண்டும், ராத்திரி அந்தச் சின்ன பிரஷ்ஷைத் தேடியே தூக்கம் போகும். மறுபடி வாங்க மாட்டேன். ஒரு மாதம் சங்கிலும் கொடுத்தோம். சங்கில் காற்று குறைவு, கழுவுவது சுலபம், ஆனால் பொறுமையான கை வேண்டும். அது அம்மாவிடம் இருந்தது.

பால் முடிந்ததும் தூளியில் போடுவதை நிறுத்தினோம். சுங்குடிச் சேலைத் தூளியில் பிள்ளை வளைந்து படுக்கும்போது வயிறு மடங்கும், கேட்கவா வேண்டும். இருபது முப்பது நிமிஷம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்து, அப்புறம் பாயில் மல்லாக்க. மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்று வீடே பயந்தது. அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால் வருவது கீழேயே தங்கும், குப்புறப் போடுவதுதான் ஆபத்து என்று டாக்டர் கையால் காட்டினார். ஆன்லைனில் வாங்கிய சரிவுத் தலையணை முழுத் தண்டம். காலையில் பார்த்தால் சறுக்கிக் கீழே வந்து, தாடை நெஞ்சில் ஒட்டிக் கிடந்தான். அமெரிக்காவில் 2022-இல் பிள்ளைகளுக்கான சரிவுப் படுக்கையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மருந்து வகையறா சீக்கிரம் முடிந்துவிடும். கிரைப் வாட்டர், வசம்பு, உரைமருந்து எல்லாவற்றையும் டாக்டர் வேண்டாம் என்றார். தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே வாந்திச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் அந்தப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டார். இதயத் துடிப்பைத் தொந்தரவு செய்யக் கூடிய மருந்து அது. உரம் எடுக்க ஒரு பாட்டியிடம் கூட்டிப்போகச் சொன்னார்கள். சேலையில் போட்டு உருட்டும் வைத்தியத்துக்குக் கக்கும் பிள்ளையைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. நாலாம் மாதம் கக்கல் மறுபடி அதிகமானபோது, டாக்டர் சொல்லி, கெட்டியாகும் ரகப் பவுடர் ஒரு டப்பா கொடுத்துப் பார்த்தோம். கக்கல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆனால் மெதுவான நிப்பிளில் அடைத்துக்கொண்டது, மலமும் புழுக்கை மாதிரி ஆனது. ஒரு டப்பாவோடு சரி.

காசுக்கு உருப்படியாக இருந்தது துணிதான். அதுவும் கடையில் வாங்கியதல்ல, அப்பாவின் பழைய வேட்டிகள், ஒன்று எட்டாகக் கிழித்தது. மதுரை வெயிலைத் திட்டாத நாளில்லை, ஆனால் மொட்டை மாடியில் அரைமணி நேரத்தில் காய்ந்து மொடமொடவென்று வரும்.

ஒரு தடவை மட்டும் நிஜமாகவே பயந்தோம். ஐந்தாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் வழக்கம் போல வழியாமல், பீய்ச்சி அடித்து, கட்டிலைத் தாண்டித் தரையில் விழுந்தது. மறுவேளையும் அப்படியே. பிறந்து சில வாரங்களில் இரைப்பையின் கீழ்வாசல் தசை தடித்து அடைத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் பீய்ச்சும், ஆபரேஷன்தான் தீர்வு. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. அன்று டாக்டர் சொன்னவற்றைக் காலண்டர் அட்டையில் எழுதி பீரோவில் ஒட்டினேன்: வாந்தி பச்சையாக வந்தால், இரத்தம் கலந்தால், ஒவ்வொரு வேளையும் பீய்ச்சினால், நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாக ஒண்ணுக்குப் போனால், உச்சிக்குழி குழிந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், எடை ஏறாவிட்டால் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும் நேரே ஆஸ்பத்திரி. மலத்தில் இரத்தமும் தோலில் படையும் இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று பார்ப்பார்கள். பவுடரை நாமாக மாற்றுவதில் பிரயோசனமில்லை, நான் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

ஏழாம் மாதம் உட்கார்ந்தான், சோறு பிசைந்து ஊட்ட ஆரம்பித்தோம், கக்கல் தானாக நாளைக்கு ஒன்று இரண்டானது. பத்தாம் மாதம் எப்போது நின்றது என்று கவனிக்கவே இல்லை. துவைக்கத் துணி இல்லையே என்று ஒரு நாள் அம்மாதான் சொன்னார்.

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து சித்தி மகள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாள். இருபது நாள் பிள்ளை, டப்பாப்பால், குடித்ததெல்லாம் கக்குகிறதாம். பச்சையாக வருகிறதா, பீய்ச்சுகிறதா, ஒண்ணுக்கு எத்தனை தடவை என்று பீரோ அட்டையைப் பார்த்து வரிசையாகக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் டாக்டரிடம் காட்டி எடை போடு என்றேன். பின்னால் சித்தியின் குரல்: “வயிறு காலியாக் கிடக்கு, இன்னொரு அவுன்ஸ் கரைடி.”

“ஏய், நானூறு கிராம் டப்பா உனக்கு எத்தனை நாள் வருது?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எண்ணினாள் போல.

“மூணு நாள்க்கா.”