மகாவீர் ஜெயந்தியும் 51 ரூபாய் ஆஸ்திரேலிய டாலரும்

பாளையங்கோட்டை வீட்டை விற்ற பணம் 2024 டிசம்பரிலிருந்து என் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியப் பணத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா பங்கு, வரி எல்லாம் போக என் கைக்கு வந்தது 60 லட்சம். மெல்போர்னில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்பது திட்டம். பங்குனி உத்திரத்துக்கு எப்படியும் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும். அப்போது பணத்தையும் அனுப்பிவிடலாம் என்று 2025 மார்ச் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தேன்.

மூன்று மாதம் ஏன் சும்மா விட்டாய் என்று கேட்கலாம். முதல் காரணம் காகிதம். அப்போதைய விதிப்படி, என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஒருவரிடம் வீடு வாங்கினால் வாங்குபவர்தான் வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுத்து, வரி பிடித்து, கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டை வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். பாவம், தன் சம்பளக் கணக்கைத் தவிர வேறு எதையும் பார்த்திராதவர். அவர் தாக்கல் செய்து, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் எனக்கு வரவே பிப்ரவரி ஆகிவிட்டது. இரண்டாவது காரணம் பேராசை. அந்தப் பிப்ரவரியில் அமெரிக்க டாலர் 88 ரூபாயைத் தொட்டுவிடும்போல் நின்றது. "ரூபா எந்திரிக்கட்டும் மாப்ளே, அவசரப்படாதீரும்" என்றார் அத்தான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பேப்பரில் வணிகப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவர். நானும் தலையாட்டினேன்.

மார்ச் முடிவில் ரூபாய் எழுந்தும்விட்டது. டாலர் 85 அரைக்கு வந்தது. அத்தான் போனில், "நான் சொன்னேம்லா?" என்றார். ஆனால் எனக்கு வேண்டியது அமெரிக்க டாலர் இல்லையே. ஆஸ்திரேலிய டாலர் அதே 54-க்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வங்கி நம் ரூபாயை முதலில் அமெரிக்க டாலராகக் கணக்கிட்டு, அதிலிருந்துதான் ஆஸ்திரேலிய டாலருக்குப் போகிறது. ஆக, கயிறு இரண்டு. ஒன்று தளரும்போது இன்னொன்று இறுகினால் நடுவில் நிற்பவனுக்கு ஒரு லாபமும் இல்லை. இங்கிலாந்து, கனடாவில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வது மட்டும் அமெரிக்க டாலர் விலை.

எங்கள் கிளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வெளிநாட்டுக்குப் பணம் என்று வாயெடுத்தாலே நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். இந்தத் தடவை அப்படி இல்லை. அந்தப் பிரிவைப் பார்க்கும் அதிகாரி அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். விற்பனைப் பத்திர நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 16ஏ, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 விண்ணப்பம், ஆடிட்டர் தரும் வரிச் சான்றான 15சிபி, நான் வருமானவரித் தளத்தில் தாக்கல் செய்யும் உறுதிமொழியான 15சிஏ. ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், "உங்க தொகைக்கு அதெல்லாம் கவலையே இல்லை சார்" என்று சிரித்தார். உள்ளூர்வாசிகள் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது டிசிஎஸ் என்று 20 சதவீதம் வரை வரி பிடிக்கிறார்களே, அது என்ஆர்ஓ கணக்கிலிருந்து போகும் பணத்துக்குக் கிடையாது என்பதையும் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். ஒரே சிக்கல், கிளையில் நேரடியாக அந்நியச் செலாவணி வேலை செய்வதில்லை. காகிதங்களை ஸ்கேன் செய்து தூத்துக்குடிக் கிளைக்கு அனுப்புவார்கள். துறைமுக ஊர், ஏற்றுமதி இறக்குமதிக்காரர்கள் நிறையப் பேர். அங்கேதான் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஆடிட்டர் அலுவலகம். ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்பு விடுமுறை, அதைத் தொடர்ந்து ஆடிட்டருக்கு வேறு வேலைகள். 15சிபி கைக்கு வர 7-ஆம் தேதி ஆனது. அன்று ராத்திரியே 15சிஏ-வைத் தாக்கல் செய்தேன். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்ததால் ஓடிபி வந்தது. இல்லையென்றால் அதுவே தனிப் புராணமாகியிருக்கும்.

இதற்குள் உலகம் தலைகீழாகியிருந்தது. ஏப்ரல் 2 அன்று டிரம்ப் இறக்குமதி வரிகளை அறிவித்தார். சீனாவுக்கு அடி விழுந்தால் ஆஸ்திரேலியாவுக்கும் வலிக்கும், இரும்புத் தாதுவை வாங்குவது சீனாதானே. ஆஸ்திரேலிய டாலர் மளமளவென்று இறங்கி 60 அமெரிக்க சென்ட்டுக்குக் கீழே போனது. ஐந்து வருடத்தில் இல்லாத வீழ்ச்சி. 9-ஆம் தேதி புதன்கிழமை காலை போனில் பார்க்கிறேன், 51 ரூபாய் 60 காசு.

அதே காலையில் அத்தான் பேப்பரும் கையுமாக வந்தார். "ரூபா ஒரேயடியா விழுந்துட்டு மாப்ளே. இன்னைக்கு அனுப்பாதீரும்." அவர் சொன்னதும் பொய்யில்லை. அமெரிக்க டாலருக்கு எதிராக ரூபாய் விழுந்துதான் கிடந்தது. ஆனால் ஆஸ்திரேலிய டாலர் அதைவிட ஆழமாக விழுந்திருந்தது. இதை அவருக்குப் புரியவைக்க இரண்டு காப்பி தீர்ந்தது. கடைசிவரை அவர் நம்பவில்லை.

பத்தரைக்குக் கிளையில் இருந்தேன். அதிகாரி அம்மா தூத்துக்குடிக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் மாறுவது தெரிந்தது. 15சிபியில் பணத்தை அனுப்பும் கிளையின் பிஎஸ்ஆர் கோடு என்று ஏழு இலக்க எண் ஒன்று போட வேண்டியிருந்தது. ஆடிட்டர் பாளையங்கோட்டைக் கிளையின் எண்ணைப் போட்டிருக்கிறார். அனுப்பப்போவது தூத்துக்குடி. அங்கிருந்தவர் மாற்றித் தரச் சொல்லிவிட்டார். பேசிப் பார்த்தோம், அசையவில்லை. ஆடிட்டர் தென்காசியில் ஒரு வேலையாகப் போயிருந்தார், கையொப்பமிடும் டிஜிட்டல் டோக்கன் அவர் பையில். நான் செய்திருந்த 15சிஏ-வை வாபஸ் வாங்கினேன் (ஏழு நாளுக்குள் என்றால் அப்போது வாங்க முடிந்தது). அவர் அலுவலகம் திரும்பிப் புதிய 15சிபி ஏற்றியபோது மாலை ஐந்து மணி. செலாவணிச் சந்தை மூன்றரைக்கே மூடியாயிற்று.

"நாளைக்கு மகாவீர் ஜெயந்தி லீவு சார். நாளன்னைக்கு முதல் வேலையா போட்டுடலாம்" என்றார் அம்மா. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாளில் எழுதித் தந்த பட்டியலில் பிஎஸ்ஆர் கோடு மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். கோயிலுக்குக் கொண்டுபோகப் பித்தளைப் பானையை அக்கா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் மினுங்கியது. சீனாவைத் தவிர மற்ற நாடுகள் மீதான கூடுதல் வரியை டிரம்ப் 90 நாளைக்கு நிறுத்திவைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்திரேலிய டாலர் கோடு செங்குத்தாக ஏறியது. அக்கா நிமிர்ந்து, "யாருக்கு என்னடா?" என்று பதறினாள், என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். எங்கள் சாஸ்தா சேரன்மகாதேவியைத் தாண்டி ஒரு குளத்துக்கரையில் இருக்கிறார். பொங்கல் பானைக்கு அடுப்புக்கல் தேடிக்கொண்டிருந்தபோது கிளையிலிருந்து போன். சிக்னல் ஒரு கோடுதான். கரைமேல் ஏறி, ஆலமரத்து வேரில் ஒரு காலை ஊன்றி நின்றால் குரல் கேட்டது. "54 தர்றாங்க சார், புக் பண்ணிடவா?" இரண்டு நாளைக்கு முன் 52 சொச்சத்தில் கிடைத்திருக்க வேண்டியது. மனது கேட்கவில்லை. திங்கள் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். திங்கள்கிழமை 14-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு, அதுவும் விடுமுறை என்பது கரையிலிருந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. நடுவில் இரண்டாம் சனி, ஞாயிறு வேறு.

செவ்வாய்க்கிழமை சந்தை விலை 54 அரை. எனக்கு 17-ஆம் தேதி விமானம். பாதியையாவது அனுப்பிவிடுவோம், மீதி இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று 30 லட்சத்துக்குச் சரி என்றேன்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். கிளைத் தூணில் அன்றைய விலைத்தாள் ஒட்டியிருந்தது, கார்டு ரேட் என்பார்கள். அதில் ஆஸ்திரேலிய டாலரைக் கணக்குக்கு அனுப்பும் டிடி (TT) விற்பனை விலை 55 ரூபாய் 90 காசு. சந்தையைவிட ஒரு ரூபாய் 40 காசு அதிகம். அது சின்னத் தொகைக்கானது. லட்சக்கணக்கில் அனுப்புகிறவர்கள், "ட்ரெஷரியில் (வங்கியின் செலாவணிப் பிரிவு) கேட்டு டீல் ரேட் (தொகைக்கேற்ற தனி விலை) வாங்கித் தாருங்கள்" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டேன். முதலில் 55.30 என்றார்கள். கையில் சந்தை விலையைக் காட்டி இன்னும் கேட்டேன், 55-க்கு வந்தார்கள். 30 லட்சத்துக்குக் கார்டு ரேட்டில் 53,667 டாலர், டீல் ரேட்டில் 54,545. இரண்டு போன்காலுக்கு 878 டாலர். சந்தை விலையை ராத்திரி பகலாகப் பார்த்து நான் சம்பாதித்தது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி, ஊரெல்லாம் பயமுறுத்துகிறார்களே, 1,350 ரூபாய்தான் வந்தது. முழுத் தொகைக்கு அல்ல, அதில் மிகச் சிறிய பகுதிக்குத்தான் 18 சதவீதம். பணம் மூன்றாம் நாள் மெல்போர்ன் கணக்கில் விழுந்தது, வழியில் ஏதோ ஒரு வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டு.

மீதி 30 லட்சத்தை டெபாசிட்டில் போட்டேன். ஆஸ்திரேலியாவில் வரி கட்டும் வசிப்பாளன் என்ற சான்று கொடுத்ததால் வட்டிக்கு 30-க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடித்தார்கள். 52 வரும், 52 வரும் என்று காத்திருந்தேன். ஜூனில் 56. செப்டம்பரில் 58. அத்தான் இப்போது ஆஸ்திரேலிய டாலரையும் பார்க்கப் பழகியிருந்தார், வாரம் ஒருமுறை போனில், "இன்னும் எறங்கலையே மாப்ளே" என்பார். "சவத்த அனுப்பித் தொலையும்" என்று ஒருநாள் அவரே அலுத்துக்கொண்டார்.

2025 டிசம்பரில் மறுபடி ஊர். அமெரிக்க டாலர் 90 ரூபாயைத் தாண்டிய மாதம் அது. இந்தத் தடவை ஆடிட்டரிடம் தூத்துக்குடிக் கிளையின் பிஎஸ்ஆர் எண்ணை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். 15சிபி, 15சிஏ, ஏ2 எல்லாம் முதல் நாளே கிளைக்குப் போய்விட்டன. அம்மா என்னைக் கேட்காமலே ட்ரெஷரிக்குப் போன் போட்டு டீல் ரேட் வாங்கினார். 60 ரூபாய் 40 காசு. எட்டு மாத வட்டி, வரி போக வந்த 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், அந்த விலைக்கு 2,000 டாலர்கூடத் தேறவில்லை. ஏப்ரலில் 55-க்கே அனுப்பியிருந்தால் அந்த 30 லட்சத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 4,900 டாலர் கூடக் கிடைத்திருக்கும். ஒரு காகிதம் திரும்பி வரவில்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போகவில்லை. அம்மா வரவழைத்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.