டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்கு முதியோர் நல மருத்துவர் தேவையா? சில ஆண்டு அனுபவம்

அப்பாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். நெஃப்ராலஜிஸ்ட்டோடு (சிறுநீரக மருத்துவர்) முதியோர் நல மருத்துவர் ஒருவரும் சில ஆண்டுகளாக அவரைப் பார்க்கிறார். தேவையா என்று கேட்டால், தேவைதான். ஆனால் சிறுநீரகம் இதனால் தேறிவிடாது. மற்ற நாட்கள் கொஞ்சம் நன்றாகப் போகும், அவ்வளவுதான்.

பெரிய பலன் மருந்துச் சீட்டில் கிடைத்தது. பகலெல்லாம் தூக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். எல்லோரும் வயசு என்றார்கள். முதியோர் நல மருத்துவரோ முதலில் கேட்டது நரம்பு வலிக்கான கேபாபென்டின் எவ்வளவு போகிறது என்று. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும். அளவைக் குறைத்து, டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் என்று மாற்றினார். அப்பா பழையபடி வாக்குவாதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்!

அடுத்தது விழுவது. டயாலிசிஸ் முடிந்ததும் படுக்கையில் பிரஷர் சரியாக இருக்கும், எழுந்து நின்றால் இறங்கிவிடும். அதனால் நிற்கவைத்தும் பார்க்கச் சொன்னார், பிரஷர் மாத்திரையின் நேரத்தையும் மாற்றினார். டிரை வெயிட், அதாவது அதிகப்படி நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, அந்த விஷயமும் அப்படித்தான். சதை கரைந்து அந்த இடத்தில் நீர் சேர்ந்தால் தராசில் எடை மாறாது. கால் வீக்கத்தையும் மூச்சு வாங்குவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஞாபகசக்திப் பரிசோதனையை டயாலிசிஸ் முடிந்த களைப்பில் செய்யவே கூடாது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்காக ஓய்வு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு வாரத்தில் உருப்படியாக இருப்பதே அந்த நாட்கள்தான், எரிச்சல்படுவார்.

"உங்களுக்கு எது முக்கியம்?" என்று அவரிடமே கேட்டது எனக்குப் பிடித்தது. "யார் கையையும் பிடிக்காம பாத்ரூம் போகணும்" என்றார். உடற்பயிற்சி முழுக்கத் தொடைக்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் என்று ஆனது. என்றாவது டயாலிசிஸ் போதும் என்று தோன்றினால் சொல்லலாம், வலி, மூச்சுத்திணறலுக்கான கவனிப்பு அப்போதும் தொடரும் என்பதையும் அன்றே சொன்னார். எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அப்பா சாவகாசமாக மேலும் இரண்டு கேள்வி கேட்டார்.

குறை என்றால் ஒன்றுதான்: இரண்டு டாக்டர்களும் நேரில் பேசிக்கொள்வதில்லை. யார் எதை மாற்றினாலும் சீட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் ஓடுவது நான்தான்.