பழைய எம்ஜிபிக்கு எக்ஸ்பி95: காரைக்குடி வெயிலில் எப்படி?

சாதா பெட்ரோலா, பிரீமியமா என்று கேட்பவர்கள் முதலில் வண்டியின் கம்ப்ரஷனை, அதாவது எஞ்சின் பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைப் பாருங்கள், அப்புறம் பெட்ரோல் பங்குக்குப் போங்கள். என் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் காரில் அது 8.8க்கு 1. நான் சாதா போட்ட காலத்தில் இங்கே அதன் ஆக்டேன் 91தான். அதைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் திருமயம் ரோட்டில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பானட்டுக்குள் கிணுகிணுவென்று நாக்கிங் சத்தம், அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிகிற சத்தம் வரும், கேட்கவே மனசு பதறும். இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலான எக்ஸ்பி95 போட்டதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது, இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அருமையான பெட்ரோல், கூடுதல் காசுக்குத் தகும். ஆனால் பவர் கூடும், மைலேஜ் எகிறும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன் மட்டும்தான்.

கம்ப்ரஷன் குறைந்த வண்டிக்கு சாதாவே போதும். மிச்சமாகும் காசில் ரப்பர் ஹோஸை மாற்றுங்கள். பிரீமியத்திலும் எத்தனால் கலந்திருக்கலாம், அது பழைய ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும், கார்புரேட்டர் பக்கம் கசிய ஆரம்பிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்து, வண்டியைப் பெரிய வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் கிடக்க விடாதீர்கள்.