முசுபி அச்சு: நாலு மாதம் கட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சு, கொடுத்த காசுக்குத் தகும், வாங்கலாம். நோரி என்கிற கடற்பாசித் தாளைச் சின்ன பாக்கெட்டாக மட்டும் வாங்குங்கள். ஜப்பான் அரிசி வேண்டவே வேண்டாம். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு கிலோவுக்கு அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, கொடுக்கத் தேவையும் இல்லை என்று செய்து பார்த்ததில் தெரிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: ஸ்பாம் முசுபி என்பது ஹவாய்த் தீவுகளின் வழிப்பயணச் சாப்பாடு. கைக்கு அடங்கும் ஒரு சோற்றுக்கட்டி, அதன்மேல் வறுத்த டின் இறைச்சித் துண்டு, இரண்டையும் சேர்த்துச் சுற்றிய பாசித்தாள், அவ்வளவுதான். ஸ்பாம் என்கிற இந்த டின் பன்றி இறைச்சியை ஹார்மெல் நிறுவனம் அமெரிக்காவில் 1937இல் விற்க ஆரம்பித்தது. போர்க்காலத்தில் ராணுவத்தோடு பசிபிக் தீவுகளுக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. 1885 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கூட்டம் கூட்டமாக ஹவாய்க்கு வந்த ஜப்பானியர்கள் தங்கள் சோற்று உருண்டையை அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார்கள். இரண்டும் அங்கே சேர்ந்தன. காவாய் தீவின் பார்பரா ஃபுனாமுரா 1980களில் இதைச் செய்து விற்றதிலிருந்து பரவியது என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிதான் தீபாவளிக்கு வந்தபோது இதைப் பற்றிச் சொன்னான், கூடவே ஜப்பானிய மொழியில் 'முசுபு' என்றால் கட்டுவது, முடிச்சுப் போடுவது என்று அர்த்தம் என்றும் சொன்னான். அட, நம்முடைய கட்டுச்சோறும் அதே கட்டுதானே என்று தோன்றியது. அன்றைக்கே அச்சுக்கு ஆர்டர் போட்டேன்.

அச்சு 380 ரூபாய். கண்ணாடி மாதிரி தெரிகிற அக்ரிலிக், இரண்டே பாகம்: அடியும் மேலும் இல்லாத நீள்சதுரக் கூடு ஒன்று, அதற்குள் இறங்குகிற கைப்பிடி வைத்த அழுத்தி ஒன்று. முறுக்கு நாழி பிடித்த கைக்கு இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: நாழியை அழுத்துகிற மாதிரி இதை அழுத்தக் கூடாது. முதல் நாள் அப்படித்தான் அழுத்தினேன், சோறு நசுங்கிக் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. பருக்கை பருக்கையாகத் தெரிய வேண்டும், ஆனால் தூக்கினால் உதிரக் கூடாது, அந்தப் பதத்துக்கு இரண்டு விரல் பலம் போதும். ஒவ்வொரு தடவையும் கூட்டையும் அழுத்தியையும் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒட்டாது. குறை என்றால், கொதிக்கிற வெந்நீரில் கழுவியதில் இரண்டாவது மாதமே ஒரு மூலையில் மயிரிழை விரிசல் விட்டது. வெந்நீர் ஆகாது என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கழுவுகிறேன், விரிசல் மேற்கொண்டு ஓடவில்லை.

அச்சே இல்லாமல், காலி ஸ்பாம் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து அதையே அச்சாக வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். டப்பாவின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கிறது, கட்டைவிரலில் ஆழமாகவே கிழித்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள் என்றால் அந்த வழிக்கே போகாதீர்கள், 380 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.

இனி அரிசி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பண்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. முதலில் வீட்டில் தினமும் வடிக்கிற பொன்னிப் புழுங்கலில் செய்தேன். அச்சிலிருந்து எடுத்ததும் அழகாக நின்றது, கையில் எடுத்துக் கடித்ததும் பாதி மடியில் கொட்டியது. புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே வெந்து காய்ந்தது, அதன் பருக்கை இறுகியிருக்கும், ஒட்டாது. அப்புறம் பச்சரிசிக்கு மாறினேன், அதுவும் கடைக்காரர் பெருமையாக எடுத்துக் கொடுத்த ஒரு வருடப் பழைய அரிசி. சாப்பாட்டுக்கு அதுதான் ஒசத்தி, பொலபொலவென்று உதிரும். நமக்கு இங்கே உதிரவே கூடாதே! அம்மாதான், 'புது அரிசியில வடிச்சா குழைஞ்சு போகும்னு திட்டுவோம்ல, அந்தக் குழைசல்தானே உனக்கு வேணும்' என்றாள். தை பிறந்ததும் சம்பா அறுவடை முடிந்து, ஆடுதுறைப் பக்கம் உறவுக்காரர் வீட்டிலிருந்து பொங்கலுக்கு வந்த புதுப் பச்சரிசி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்றே முக்கால் தண்ணீர், உப்பு போடாமல், குக்கரில். திறந்து பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு அச்சில் போட்டால், கட்டி அப்படியே நின்றது, கடித்தால் கடித்த இடம் மட்டும் வந்தது. நாலு மாதத்தில் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால் இதுதான், அதுவும் அம்மா சொன்னது.

கறுப்புக் கவுனியையும் விடவில்லை. அது பிசின் உள்ள அரிசி. முதல் நாள் இரவே ஊறவைத்து, நாலில் ஒரு பங்கு கலந்து வடித்தால் சோறு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடுகிறது. இன்னும் நன்றாக ஒட்டுகிறது. விருந்தாளி வருகிற நாளுக்கு அது.

இறைச்சிக்கு வருகிறேன். டப்பா திருச்சியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது, 340 கிராம். கவிழ்த்துத் தட்டினால் செங்கல் மாதிரி முழுதாக விழும். அகலவாக்கில் 8 துண்டு போட்டால் அச்சுக்குச் சரியாக இருக்கும். எண்ணெய் வேண்டாம், காய்ந்த தோசைக்கல்லில் போட்டால் அதன் கொழுப்பே உருகி வந்து துண்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழியாகப் பொரியும், ஓரம் சுருண்டு கருஞ்சிவப்பாகும்போது திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் சிவந்ததும் இரண்டு கரண்டி சோயா சாஸில் இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை கரைத்து ஊற்றுங்கள். சளசளவென்று கொதித்து, அரை நிமிடத்தில் பாகு மாதிரி இறுகித் துண்டின் மேல் மினுமினுவென்று பூசிக்கொள்ளும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், அசந்தால் கசந்துவிடும்.

உப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரண ஸ்பாமில் 56 கிராமுக்கு 790 மில்லிகிராம் சோடியம். நாம் போடுகிற ஒரு துண்டு 42 கிராம் என்றால் ஏறக்குறைய 600, அதற்கு மேல் சோயா சாஸ் வேறு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் சோற்றில் உப்பே போடாதீர்கள் என்றேன். பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி சாப்பிடுவது நல்லதும் இல்லை, எங்கள் வீட்டில் மாதம் ஒரு டப்பாதான். அப்பா பன்றி இறைச்சி தொடமாட்டார், அவருக்கு மிளகு தூவிக் கனமாகச் சுட்ட முட்டையை அதே அளவுக்கு வெட்டி வைக்கிறேன். உள்ளே நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு கீற்று. ஜப்பானில் சோற்று உருண்டைக்குள் உப்பிட்ட புளிப்புப் பழம் வைப்பார்கள், அந்த இடத்துக்கு நார்த்தங்காய் பிறந்த மாதிரி உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே இப்போது முட்டைதான் அதிகம் பிடிக்கிறது.

நோரி 10 தாள் பாக்கெட் 260 ரூபாய். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு 'கருவாட்டு வாசம்' என்றாள், அது சரியான வர்ணனை, ஆனால் சூட்டுச் சோற்றோடு சேர்ந்ததும் அந்த வாசமே பசியைக் கிளப்புகிறது. நம் ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வேறு, அது ஜெல்லி மாதிரி உறையவைக்கிற அகர் எடுக்கப் போவது. இது தாளாகப் பரப்பிக் காயவைக்கிற பாசி. இதைக் கடலில் பயிராக்குவது ஒரு காலத்தில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, சிப்பி ஓட்டுக்குள் வாழும் ஒரு நுண்ணிய பாசி இதே பாசியின் இன்னொரு பருவம்தான் என்று 1949இல் கண்டுபிடித்த பிறகுதான் ஜப்பானியர்கள் அதை நம்பிப் பயிரிட முடிந்தது. ஜப்பானுக்குப் போகாமலேயே இறந்துபோன அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் வைத்து ஒவ்வொரு ஏப்ரலிலும் விழா எடுக்கிறார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தத் தாளுக்கு நம் ஊர் மழைக்காலம் எதிரி. ஐப்பசியில் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டுக் குளித்து வந்தேன், தாள் துணி மாதிரி துவண்டு கிடந்தது. காற்றுப் புகாத டப்பாவில், பாக்கெட்டோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் போட்டு வையுங்கள். துவண்டால் அடுப்புத் தணலுக்கு மேலே அப்பளம் வாட்டுகிற மாதிரி இரண்டு விநாடி காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பெரிய பாக்கெட் வேண்டாம் என்றது இதனால்தான். ஒரு தாளை மூன்றாக வெட்டி, பளபளப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, முனையை அடியில் வைத்து இரண்டு நிமிடம் விட்டால் சோற்றின் ஆவியே ஒட்டிவிடும்.

மூன்று ஆழாக்கு அரிசிக்கு எட்டு வரும். காலையில் கும்பகோணத்தில் ரயில் ஏறி, உட்கார இடம் கிடைக்காத நாளில் பாபநாசம் தாண்டியதும் நின்றுகொண்டே ஒரு கையால் சாப்பிட்டுவிடுகிறேன். கரண்டி வேண்டாம், குழம்பு சிந்தாது, பக்கத்தில் இருப்பவர் சட்டையில் படாது. மதியத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். புளியோதரையைக் காக்கிற புளியும் நல்லெண்ணெயும் இதில் கிடையாது, நம் வெயிலில் வெறும் சோறு சீக்கிரம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும், அதுவும் வேண்டாம். நான் வாழையிலையைத் தணலில் வாட்டி அதில் கட்டிக்கொண்டு போகிறேன், பாசித்தாள் கடைசிவரை இலையில் ஒட்டாமல் வருகிறது.

வாங்குகிறவர்கள் ஒரு விஷயம் பாருங்கள்: அச்சின் உள்ளளவு 9 சென்டிமீட்டருக்கு 5½ அளவில் இருக்க வேண்டும். சிறியதாக ஒன்று விற்கிறார்கள், அதில் துண்டைச் சுற்றி வெட்டித்தான் வைக்க முடியும்.