ஷீல்ட்ஸ்அப்: போர்ட் திறந்திருக்கிறதா என்று வெளியே நின்று பார்க்கும் தளம்

போர்ட் என்பது இணையத் தொடர்பு உள்ளே வர ரவுட்டரிலும் கணினியிலும் இருக்கும் எண்ணிட்ட வாசல். அதைச் சோதிக்கும் கிப்சன் ரிசர்ச்சின் ஷீல்ட்ஸ்அப் இலவசம். எதையும் நிறுவ வேண்டாம். விபிஎன்னை அணைத்துவிட்டு (இல்லையென்றால் விபிஎன் சர்வரைத்தான் சோதிக்கும்), 'ஆல் சர்வீஸ் போர்ட்ஸ்' பொத்தானை அழுத்தினால் 0 முதல் 1055 வரையுள்ள போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். கட்டம் சிவப்பானால் திறந்திருக்கிறது. நீலம் என்றால் மூடியிருக்கிறது. பச்சை என்றால் பதிலே வரவில்லை. பிங்குக்கு ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு செய்தி) ரவுட்டர் பதில் சொன்னாலே 'ஃபெயில்ட்' என்று போடுவது கொஞ்சம் மிகை. நீலத்துக்கும் பயப்பட வேண்டாம்.

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389 இந்த வரம்புக்குள் வராது. அதைத் தனியாக எண் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் முறை) போர்ட்டுகளையும், ஐபிவி6 (புதிய வகை இணைய) முகவரியையும் இந்தப் போர்ட் சோதனை தொடுவதில்லை; பெரிய குறை இதுதான்.

இன்னொரு சிக்கல்: முடிவு பெரும்பாலும் ரவுட்டரைப் பற்றியது, கணினியைப் பற்றியது அல்ல. ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் சோதித்தது இணைய நிறுவனத்தின் கருவியை. அந்தப் பச்சைக்கு அர்த்தமே இல்லை.

கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'netstat -an' கட்டளை போதும். 'லிசனிங்' (இணைப்புக்குக் காத்திருக்கிறது) என்ற வரிசையில் 127.0.0.1 இருந்தால் அந்தப் போர்ட் அந்தக் கணினிக்குள் மட்டும் எட்டும்; 0.0.0.0:445 என்றிருந்தால், ஃபயர்வால் தடுக்காதவரை, வீட்டு வைஃபையில் உள்ள எல்லோருக்கும் ஃபைல் ஷேரிங் எட்டும். சிவப்பு வந்தால் முதலில் ரவுட்டரில் யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி), போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் அமைப்பு) இரண்டையும் பாருங்கள். பழைய சிசிடிவி பெட்டிக்காகத் திறந்த போர்ட் 80 அப்படியே கிடக்கும்.