கோடு பன்னிரண்டும் இருந்தது, கார்தான் லபுக்கலை ஏறவில்லை

பழைய கரண்ட் கார் வாங்க யோசிக்கிற நம்ம மலையகத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சீட்டு எடுத்த காசும் மனைவியின் காப்பும் போன பிறகு வந்த புத்தி இது.

2022இல் பெற்றோல் வரிசையில் இரவெல்லாம் நின்றபோதே கரண்ட் கார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கண்டிப் பக்கம் ஒரு கார் சேலில் 2013 நிஸான் லீஃப் கிடைத்தது. 24 கிலோவாட் மணி பேட்டரி, அதாவது 24 யூனிட். இந்தக் காரில் மீட்டர் பலகையின் வலது ஓரத்தில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட 12 சின்னக் கோடுகள் உண்டு. தேயத் தேய ஒவ்வொன்றாக அணையும். அன்று பன்னிரண்டும் பளிச்சென்று நின்றன. "ஜப்பான்ல வயசான ஒருத்தர் கடைக்குப் போய் வர மட்டும் வச்சிருந்த வண்டிண்ணே" என்றார் விற்றவர். இலங்கைக்கு வந்த கார்களில் பாதி அந்த வயசானவருடையதுதான் போல.

சமதரையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். பஞ்சு மாதிரி போனது. காசைக் கட்டி, 100 சதவீதம் சார்ஜோடு அன்று மாலையே நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம்.

கம்பளை வரை பிரச்சினை இல்லை. புசல்லாவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினபோது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ரம்பொடையில் மிச்சத் தூரம் காட்டுகிற இடத்தில் எண் போய் "---" என்று மட்டும் வந்தது. லபுக்கலைக்கு முந்தின வளைவுகளில் கால் அமுக்கினாலும் கார் இழுக்கவில்லை. "என்னங்க, இது என்ன ஆமை?" என்றாள் மனைவி. மீட்டரில் மஞ்சளாக ஒரு ஆமை. சக்தியைக் குறைத்துவிட்டேன் என்று கார் சொல்கிற அடையாளம் அது. பனி இறங்குகிற நேரம், தேயிலைக்கு நடுவில் நின்றோம். விற்றவருக்கு போன் அடித்தேன். "மலைதானேண்ணே, அப்படித்தான். இறங்கும்போது சார்ஜ் ஏறும்." இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டுமே ஐயா! கடைசியில் கார் லொறியில்தான் வீடு வந்தது.

மறுநாள் வீட்டுப் பிளக்கில் போட்டேன். லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு டோர்ச் அடித்து கரண்ட் மீட்டரைக் குறித்துக்கொண்டேன். காலியிலிருந்து நிறையும் வரை 15 யூனிட்தான் ஓடியது. புதிதில் இந்தக் கார் 24 யூனிட் பக்கம் குடித்திருக்கும். அடுத்த சில வாரங்களில் கோடுகளும் உண்மையைச் சொல்லத் தொடங்கின: பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு.

ஹட்டனில் ஒரு கராஜ் பாஸ்தான் விஷயத்தை உடைத்தார். பேட்டரியைக் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டரை ரீசெட் செய்தால் அது தேய்ந்த பேட்டரியைப் புதுசு என்று நம்பி பன்னிரண்டு கோட்டையும் காட்டும். ஓட ஓடத்தான் மறுபடி உண்மையைக் கற்றுக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி கருவியைச் செருகி போனில் லீஃப் ஸ்பை ஆப்பில் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைப் பார்க்கலாம்தான், ஆனால் ரீசெட் போட்ட கையோடு பார்த்தால் அதுவும் பொய்யே. அதனால் பாஸ் பார்க்கச் சொன்னது வேறு: ஏற்றத்தில் அமுக்கி ஓட்டும்போது பேட்டரிக்குள் இருக்கிற 96 செல் ஜோடிகளின் வோல்ட்டேஜை அதே ஆப்பில். எல்லாம் ஒன்றாக இறங்கினால் பரவாயில்லை; இரண்டு மூன்று மட்டும் மற்றதை விட்டுப் பள்ளத்தில் விழுந்தால் வாங்காதீர்கள். என் காரில் நாலு விழுந்தன.

நமக்கு இது கொழும்புக்காரரை விட முக்கியம். ஆட்களோடு இந்தக் காரை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவே நாலு அல்லது ஐந்து யூனிட் போகும். கண்டியிலிருந்து நுவரெலியா அதைவிட உயரம். அதோடு இதன் பேட்டரிக்குத் தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, வெக்கையான ஊரில் ஓடினது சீக்கிரம் தேயும். எனவே விற்பவர் ஒத்துக்கொண்டால் நிறைந்த சார்ஜில் எடுத்து ஒரு நல்ல ஏற்றம் ஏறிப் பாருங்கள், பிறகு யூனிட் எண்ணிச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் போகும். "நேரமில்லை, இன்னொரு பார்ட்டி வருது" என்றால் அந்தப் பார்ட்டியே எடுத்துக்கொள்ளட்டும்.

திருப்பித் தரச் சொன்னேன். "பார்த்த நிலையில் வாங்கினேன்" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். அந்த வரியை அன்று நான் வாசிக்கவேயில்லை. இப்போது கார் நுவரெலியா டவுனுக்கும் நானுஓயா ஸ்டேஷனுக்கும் போய் வருகிறது. ஸ்டேஷனிலிருந்து திரும்புகிற ஏற்றத்தில் மகன் இன்னும் ஆமை வருகிறதா என்றுதான் எட்டிப் பார்க்கிறான்.