‘வெட்டிங் கேக்’ எண்ணெய் விளம்பரம்: கம்பம், குமுளி பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

“வெட்டிங் கேக் ரகம், லீகல் ஹெம்ப் ஆயில், டிஎச்சி 25%, 10 மில்லி 2,800 ரூபாய்.” கம்பம், கூடலூர், குமுளி வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும் விளம்பரம் இது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடி வகை, டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே யுபிஐயில் போடச் சொல்வார்கள். நல்ல தூக்கம் வரும் என்று நம்பி கம்பத்துக்காரர் ஒருவர் வாங்கினார். மூடியைத் திறந்ததும் பேக்கரி வாசம். அசையாமல் வைத்த பாட்டிலின் அடியில் தண்ணீர் போல ஒரு சொட்டு தனியாகப் பிரிந்து நின்றது. வெனிலா எசென்ஸ் எண்ணெயில் கரையாது. குலுக்கினால் கலங்கும், வைத்தால் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தபோது மீதி வெள்ளையாக உறைந்தது. சாதாரண தேங்காய் எண்ணெய். ஹெம்ப் விதை எண்ணெய் ஃப்ரிட்ஜில் உறையாது, பச்சை கலந்த நிறம், வேர்க்கடலை சாயலில் வாசம்.

வெட்டிங் கேக் என்பது அமெரிக்காவில் ட்ரையாங்கிள் குஷ், அனிமல் மின்ட்ஸ் என்ற இரண்டையும் கலந்து எடுத்த கஞ்சா ரகம். ஜெலாட்டோவும் இதே வகையறாதான். பேர்தான் கேக், ஐஸ்கிரீம். வாசத்தில் வெனிலா எசென்ஸ் கிடையாது. அதிகம் இருப்பது கேரியோஃபிலின், லிமோனின். முதலாவது நம்ம குமுளி மிளகில் இருப்பது, இரண்டாவது ஆரஞ்சுத் தோலில் இருப்பது. அதனால் இனிப்போடு மிளகுக் காரமும் லேசான பெட்ரோல் நெடியும் சேர்ந்தே வரும். விதை போட்டு வளர்த்தால் செடிக்குச் செடி மாறும் என்பதால் கிளையை வெட்டி நட்டுத்தான் ரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். அமெரிக்காவிலேயே ஒரே பேரில் கடைக்குக் கடை சரக்கு வேறு.

முக்கியமான விஷயம்: இந்த வாசமும் டிஎச்சியும் உருவாவது பெண் பூவின் மேலுள்ள பிசுபிசுப்பான நுண்முடிகளில். விதைக்குள் இல்லை. எந்த ரகத்தின் விதையைப் பிழிந்தாலும் கேக் வாசம் வராது. நம் நாட்டில் உணவாக விற்க 2021 நவம்பரில் அனுமதி கிடைத்தது விதைக்கும், விதை எண்ணெய்க்கும், விதை மாவுக்கும் மட்டும். எண்ணெயில் டிஎச்சி கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 25% என்றால் கிலோவுக்கு 250 கிராம்! அப்படி ஒரு பாட்டில் உண்மையாக இருந்தால் 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் கேஸ். பொய்யாக இருந்தால் 2,800 ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய். அந்த லேபிளோடு குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டுகிறவர் பதில் சொல்லி மாளாது.

வாங்கும் முன் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் எண் 14 இலக்கமா என்று எண்ணி, அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு லைசென்ஸ் எண்ணும் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளும்படி எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட் காட்டினால் அதிலுள்ள பேட்ச் எண் பாட்டிலோடு பொருந்துகிறதா பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கம்பத்துக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவரிடமிருந்து வந்த பதில்தான் இந்த வியாபாரத்தின் மூலதனம்: “கஞ்சா ஆர்டர் போட்டதா போலீஸ்ல சொல்லிடுவேன்.” அதோடு, அதிகாரி என்று சொல்லி வேறொரு நம்பரிலிருந்து ‘செட்டில்மென்ட்’ கேட்டு ஒரு கால். பைசா அனுப்பாதீர்கள். சாட், யுபிஐ ரசீது, கூரியர் ஸ்லிப், மீதியுள்ள பாட்டில் எதையும் அழிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிவிடும். டிஎச்சி 25% என்று தெரிந்தே ஆர்டர் போட்டவர்கள் புகாரோடு போகும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். பாட்டிலை மட்டும் திரும்பக் கூரியரில் அனுப்பாதீர்கள், அனுப்பச் சொல்லி விற்றவர்கள் கேட்பார்கள்.